அட்டையில் ஒட்டாத சீட்டுகள்

லைன் லீடராகப் பொறுப்பேற்கப் போகும் தங்கைகளுக்கு,

இப்படி எழுதுவதெல்லாம் ஓய்வு பெற்றவர்களின் வேலை. எனக்கு முப்பத்தொரு வயதுதான் ஆகிறது. ஆனாலும் இந்த மாதக் கடைசியோடு தொழிற்சாலையை விட்டுப் போகிறேன். மூத்தவனுக்குப் பாலர் பள்ளி தொடங்குகிறது, சின்னவளுக்கு இன்னும் பல் முளைக்கவில்லை. இரண்டு பேரையும் பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மாள் மக்சிக்கிடம் விட்டுவிட்டுக் காலை ஆறரை பஸ்ஸைப் பிடிப்பது இனி முடியாது என்று வீட்டில் பேசி முடிவெடுத்தோம். சரியான முடிவா என்று கேட்காதீர்கள். அதைத்தான் நானும் தினமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மெஷினைப் பற்றியும் நூலைப் பற்றியும் பயிற்சி வகுப்பில் சொல்லிவிட்டார்கள். ரிப்போர்ட் எழுதவும் கற்றுக் கொடுத்திருப்பார்கள். ஒரு பெண்ணுக்கு என்ன திறமை இருக்கிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று அங்கே சொல்லியிருக்கமாட்டார்கள். எனக்கும் யாரும் சொல்லவில்லை. நான் அதைக் கற்றுக்கொண்டது ஒரு தவறு செய்துதான். அந்தத் தவறை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

நான்கு ஆண்டுகளுக்கு முன், எண்பத்தைந்தில் நடந்தது இது. எங்கே பார்த்தாலும் ஆள் குறைப்பு என்று பேச்சாக இருந்த வருடம். கோலா சிலாங்கூர் பட்டணத்துக்கு வெளியே இருக்கும் நம் தொழிற்சாலைக்கும் சட்டை ஆர்டர்கள் குறைந்துபோயின. நான் காலர் லைனுக்கு லீடராகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. என் லைனில் பன்னிரண்டு பெண்கள், பன்னிரண்டு மெஷின்கள். எல்லாருக்கும் ஒரே வேலை, காலர் தைப்பது.

அந்தப் பன்னிரண்டு பேரும் ஒரே தோட்டத்திலிருந்து தொழிற்சாலை பஸ்ஸில் வருகிறவர்கள். நானும் தோட்டத்துப் பெண்தான். ஆனால் என் அப்பா கிராணி, தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதுகிறவர். எங்கள் வீடு தொழிலாளர்களின் லயத்தில் இல்லை, ஆபீசுக்குப் பக்கத்தில் தனியாக இருந்தது. காலையில் பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையாக நிற்பதை ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பெயர்களை அப்பா செக்ரோல் பதிவேட்டில் எழுதுவதையும் பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு அவர்கள் காட்டுக்குள் போய் எப்படி வேலை செய்தார்கள் என்று எனக்குத் தெரியாது. பள்ளியில் பாரம் ஐந்து வரை படித்திருந்தேன், ஆங்கிலத்தில் ரிப்போர்ட் எழுதுவேன். அதனால் லீடர் ஆனேன். தையலில் என்னைவிடக் கெட்டிக்காரிகள் என் லைனிலேயே உண்டு.

சீட்டு முறை உங்களுக்குத் தெரியும். வெட்டிய துணி கட்டுக் கட்டாக வரும், ஒவ்வொரு கட்டிலும் ஒரு சின்னச் சீட்டு தொங்கும். கட்டைத் தைத்து முடித்தவள் சீட்டைக் கத்தரித்துத் தன் அட்டையில் ஒட்டுவாள். மாலையில் அட்டைகள் லீடரின் மேசைக்கு வரும். எத்தனை சீட்டு என்று எண்ணினால் யார் வேகம், யார் மந்தம் என்று தெரிந்துவிடும். அப்போது எல்லாருக்கும் நாள் சம்பளம்தான். சீட்டுக்கும் சம்பளத்துக்கும் தொடர்பில்லை. ஆளை அளப்பதற்குத்தான் சீட்டு.

ஒரு திங்கட்கிழமை மேடம் எல்லா லீடர்களையும் கூப்பிட்டார். மேடம் என்றால் அப்போதைய உற்பத்தி மேலாளர். சீனப் பெண்மணி, எங்களோடு மலாயில்தான் பேசுவார். ஒவ்வொரு லைனிலும் ஒருவரைக் குறைக்கவேண்டும், புதன்கிழமைக்குள் ஒரு பெயரும் காரணமும் எழுதித் தரவேண்டும், சனிக்கிழமை கடிதம் கொடுக்கப்படும் என்றார். யாருக்கும் முன்கூட்டியே தெரியக்கூடாது என்றும் சொன்னார்.

நான் அந்த இரண்டு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. யாருடைய சோற்றையோ என் பேனா தட்டிவிடப் போகிறது என்ற பயம். பயந்தவர்கள் எதையாவது பிடித்துக்கொள்வார்கள் அல்லவா? நான் அட்டைகளைப் பிடித்துக்கொண்டேன். ஆறு வாரத்து அட்டைகளையும் மேசையில் பரப்பினேன். பன்னிரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே அளவில் இருந்தார்கள். ஒருத்தி ஒரு சீட்டு கூட, ஒருத்தி ஒரு சீட்டு குறைவு. ஒரே ஒரு அட்டை மட்டும் வாரா வாரம் கடைசியில் நின்றது. லெட்சுமியின் அட்டை.

லெட்சுமிக்கு அப்போது பத்தொன்பது வயது. நான்காவது மெஷின். தலை நிமிர்ந்து பேசமாட்டாள். செவ்வாய்க்கிழமை அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். பெயர் கேட்டிருக்கிறார்கள் என்று சொல்லமுடியாது. சுற்றி வளைத்துக் கேட்டேன்.

"லெட்சுமி, மெஷின்ல ஏதும் கோளாறா?"

"இல்லக்கா."

"வீட்டுல ஏதும் பிரச்சினையா?"

"இல்லக்கா."

"பின்ன ஏன் சீட்டு கம்மியா வருது?"

அவள் தன் விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ்வளவுதான்க்கா வருது," என்றாள்.

அதோடு விட்டுவிட்டேன். கேட்கவேண்டிய கடமையைச் செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். தங்கைகளே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனியுங்கள். நான் கேட்ட மூன்று கேள்விகளும் அவளிடம் என்ன குறை என்று தேடிய கேள்விகள். 'உனக்கு என்ன நன்றாக வரும்?' என்று ஒரு கேள்விகூட நான் கேட்கவில்லை.

இன்னொன்றும் நடந்தது. புதன்கிழமை காலை, முடிந்த காலர்களைப் பெட்டியில் அடுக்கும்போது ஒன்றைக் கவனித்தேன். தையல் முடிகிற இடத்தில் பெரும்பாலானவர்கள் நூலை அப்படியே வெட்டிவிடுவார்கள், நுனி வெளியே நிற்கும். சில காலர்களில் மட்டும் நூல் நுனி உள்பக்கமாக இழுத்து மறைக்கப்பட்டிருந்தது. அழகான கைவேலை. அந்தக் காலர்கள் ஒரே கட்டில் இல்லை, ஐந்தாறு பேருடைய கட்டுகளில் கலந்து கிடந்தன. ஒரே கையின் வேலை எப்படி ஐந்தாறு பேருடைய பெயரில் வரும் என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் காவலாளி வந்து, உன் வீட்டிலிருந்து ஆள் வந்திருக்கிறது என்றார். மக்சிக்கின் மகன். என் பையனுக்குக் காய்ச்சல், பால் குடிக்கமாட்டேன் என்கிறானாம். அவனுக்கு அப்போது பத்து மாதம்.

நான் மேசைக்கு ஓடினேன். படிவத்தில் பெயர் என்ற இடத்தில் லெட்சுமியின் பெயரை எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'வேகம் போதாது' என்று எழுதினேன். மேடத்தின் அறையில் கொடுத்துவிட்டு அனுமதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். குழந்தைக்குக் காய்ச்சல் என்பது உண்மை. ஆனால் அந்தக் காய்ச்சல் இல்லாவிட்டால் நான் காலர்களைத் திரும்பப் பார்த்திருப்பேனா என்று இன்றுவரை என்னால் உறுதியாகச் சொல்லமுடியவில்லை.

வியாழக்கிழமை பட்டன் பிரிவில் ஆள் பற்றவில்லை. எப்படியும் போகப் போகிறவள்தானே என்று மேடம் லெட்சுமியை அங்கே அனுப்பினார். என் லைனில் பதினொரு பேர். ஒரு அட்டை குறையும், அதுவும் கடைசி அட்டை, பெரிய வித்தியாசம் இருக்காது என்று நினைத்தேன்.

மாலையில் அட்டைகள் வந்தன. ஏழு அட்டைகளில் சீட்டு குறைந்திருந்தது. ஐந்தாவது மெஷினில் இருக்கும் புஷ்பத்தின் அட்டை பாதியாக இருந்தது. வெள்ளிக்கிழமை காலையிலும் அதே கதைதான். லைனே நொண்டியது. பத்து மணிக்கு மேடம் வந்து மெஷின்களுக்கு நடுவில் நின்று பார்த்தார். என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"உன் ஆட்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டதா? வேண்டுமென்றே மெதுவாகத் தைக்கிறார்களா?"

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் வதந்தி ஓடியிருக்கும். என்னைச் சிக்கவைக்கத்தான் இப்படிச் செய்கிறார்கள் என்று நம்பிவிட்டேன். மதிய உணவு மணி அடித்ததும் கேன்டீனில் நேராக சரோஜாவிடம் போனேன். அவளுக்கும் எனக்கும் ஒரே வயது. பன்னிரண்டு பேருக்கும் வாய் அவள்தான்.

"என்னா சரோஜா, எல்லாரும் சேர்ந்து கைய இறுக்கிப் புடிச்சிட்டீங்களா? நாளைக்கு மேடம்கிட்ட நான் நிக்கணும்னுதானே?"

சரோஜா சோற்றைப் பிசைவதை நிறுத்தவில்லை.

"லீடரம்மா, நெரை தெரியுமா உங்களுக்கு?"

"என்னா நெரை?"

பக்கத்தில் இருந்தவள் களுக்கென்று சிரித்தாள். "கிராணி வீட்டுப் பொண்ணுக்கு நெரை எப்படித் தெரியும்லா," என்றாள்.

"சும்மா இருடி," என்றாள் சரோஜா. பிறகு என்னைப் பார்த்தாள். "வெளிக்காட்டு வேலைல ஆளுக்கு ஒரு மரவரிசை, அதான் நெரை, பிரிச்சுக் குடுப்பாரு வேலை வாங்குற மண்டோரு. புல்லு வெட்டிக்கிட்டே போகணும். மொதல்ல முடிச்சவ என்னா செய்வா?"

"கரையேறி உக்காருவா."

"ஒக்காந்தா செருப்படிதான். பக்கத்து நெரையில எறங்கணும். அது முடிஞ்சா அடுத்த நெரை. எல்லாரும் ஒண்ணாத்தான் கரையேறணும். ஏன்னு கேளுங்க."

"ஏன்?"

"ஒருத்தி மட்டும் பத்து மணிக்கே முடிச்சிட்டு நின்னா மண்டோரு பாப்பாரு. ஓ, பத்து மணிக்கே முடியுதா, அப்ப நாளைலேருந்து எல்லாருக்கும் ஒன்னர நெரைம்பாரு. புள்ளத்தாச்சி என்னா செய்வா? நோயாளி என்னா செய்வா? எங்கம்மா காலத்துலேருந்து இதான். முந்தவும் கூடாது, பிந்த விடவும் கூடாது."

எனக்குப் புரியத் தொடங்கியது. உள்பக்கமாக மறைத்த நூல் நுனிகள் கண்முன் வந்தன.

"லெட்சுமியா?" என்றேன்.

"வேற யாரு? அது கை மெஷின் மாதிரி. மத்தியானத்துக்குள்ள அது கணக்கு முடிஞ்சிரும். அப்புறம் தைக்கிற கட்டயெல்லாம் சீட்டோட பக்கத்துத் தட்டுல வச்சிரும். புஷ்பத்துக்கு ரெண்டு, அந்தக் கடைசிப் புள்ளைக்கு ஒண்ணு. சில நாளு வச்சு வச்சு அதுக்கே கம்மியாயிரும். கேட்டா சிரிக்கும்."

நான் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். சரோஜா தன் தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளினாள்.

என் லைனில் இருந்த மிகச் சிறந்த கையை, வேகம் போதாது என்று எழுதி வேலையை விட்டு அனுப்ப நானே கையெழுத்துப் போட்டிருந்தேன். கடிதம் மறுநாள் காலையில்.

ஓடிப்போய் மேடத்திடம் உண்மையைச் சொல்லலாம். ஆனால் உண்மையைச் சொன்னால் அடுத்து என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். லெட்சுமி இல்லையென்றால் வேறு யார்? லெட்சுமியின் சீட்டுகளைக் கழித்துவிட்டால் கடைசியில் நிற்பது புஷ்பம். புஷ்பத்துக்கு நான்கு மாதக் கைக்குழந்தை. பின்மதியத்தில் பால் கட்டிக்கொண்டு வலிக்கும், கழிவறைக்குப் போய்ப் பீய்ச்சிவிட்டு வருவாள். இரண்டு மாதத்துக்கு முன்பு நான் என் நோட்டில் அவளைப் பற்றி 'அடிக்கடி எழுந்து போகிறாள்' என்று எழுதியிருந்தேன். நானும் அந்த வருடம் அதே வலியோடு அதே கழிவறைக்குப் போனவள்தான். லீடர் எழுந்து போனால் யாரும் நோட்டில் எழுதுவதில்லை.

வாயை மூடிக்கொண்டால் லெட்சுமி போவாள். வாயைத் திறந்தால் புஷ்பம் போவாள். மதியம் மூன்று மணிவரை இரண்டு பெயரையும் மாற்றி மாற்றி மனதில் நிறுத்தினேன். எந்தப் பெயரும் நிற்கவில்லை. அப்போதுதான் ஒன்று தோன்றியது. பன்னிரண்டு பேரில் ஒருத்தியைத் தேடுவதால்தான் இந்தச் சிக்கல். பன்னிரண்டு பேரும் சேர்ந்து என்ன தைக்கிறார்கள் என்று யாருமே கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்த ஆறு வாரத்தில் என் லைன் ஒரு நாள்கூடப் பின்தங்கியதில்லை என்று தெரிந்திருக்கும்.

மூன்றேகாலுக்கு மேடத்தின் அறைக்குப் போனேன். நான் கொடுத்த பெயர் தவறு என்று சொன்னேன். ஏன் தவறு என்றும் சொன்னேன், நிரையையும் சேர்த்து. மேடம் குறுக்கே பேசவில்லை.

"சரி. வேறு பெயர் சொல்," என்றார்.

"வேறு பெயர் இல்லை."

"எல்லா லைனுக்கும் ஒரே சட்டம்தானே?"

"இரண்டு வாரம் கொடுங்கள். லெட்சுமியைத் தைக்கவிடாமல் மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வைக்கிறேன். அவளுடைய பங்கையும் மற்ற பதினொரு பேரும் தைத்துக் காட்டுவார்கள். அவரவர் தைத்ததற்கு அவரவர் சீட்டு. முடியாவிட்டால் அந்தப் படிவத்தில் என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்."

இதைச் சொன்னது நான்தானா என்று எனக்கே ஆச்சரியம். பஸ்ஸில் சில்லறை கூடக் கொடுத்துவிட்டேனோ என்று மூன்று முறை எண்ணுகிறவள் நான்.

மேடம் பேனாவை மூடி வைத்தார். சம்மதிக்கப் போகிறார் என்று தெரிந்தது. அந்த இடத்தில் எழுந்து வந்திருக்கலாம். ஆனால் சரோஜா சொன்னது காதில் நின்றது. இவர்கள் வேகத்தை மறைத்ததே ஆளுக்கு இத்தனை கட்டு என்ற நாள் அளவை ஏற்றிவிடுவார்கள் என்ற பயத்தால்தான். அந்தப் பயம் போகாமல் எவளும் தன் கையைக் காட்டமாட்டாள்.

"இன்னும் ஒன்று," என்றேன். "இவர்கள் அதிகமாகத் தைத்துக் காட்டினாலும் இந்த ஆர்டர் முடிகிறவரை ஒருத்திக்கும் அளவை ஏற்றமாட்டோம் என்று எழுதிக் கொடுங்கள்."

"என் பேச்சு போதாதா?"

"எனக்குப் போதும். அவர்களுக்குப் போதாது."

அவர் ஒரு தாளை எடுத்து மலாயில் இரண்டு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தள்ளினார். நான் கொடுத்த படிவத்தைத் தன் மேசைக் கண்ணாடிக்கு அடியில் செருகினார். "இது இங்கேயே இருக்கும்," என்றார்.

அந்த மேடம் அடுத்த வருடமே வேறு ஊருக்குப் போய்விட்டார். அவர் கனிவானவர் இல்லை. ஆனால் தன் கீழே வேலை செய்கிறவள் வந்து 'நான் எழுதியது தவறு' என்று சொன்னபோது அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லியிருக்கமாட்டேன். உங்கள் முன்னால் ஒருத்தி அப்படி வந்து நிற்கும் நாளில் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை வீட்டில் சொன்னேன். என் கணவர் லோரி ஓட்டுகிறவர். குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே கேட்டார்.

"என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"சொல்லியிருப்பேன்," என்றார். குழந்தையைத் தொட்டிலில் போட்டுவிட்டு, "சரி, இப்ப தூங்கு," என்றார்.

சனிக்கிழமை காலை மேடம் எழுதிய தாளை லைனுக்கு முன்னால் இருந்த தூணில் ஒட்டினேன். வாசித்துத் தமிழிலும் சொன்னேன். சரோஜா தூணுக்குப் பக்கத்தில் போய்க் கையெழுத்தை விரலால் தடவிப் பார்த்தாள்.

"மண்டோரும் இப்படித்தான் சொல்லுவாரு. ஆனா எழுதிக் குடுத்ததில்ல," என்றாள். திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். "பாப்போம்லா."

லெட்சுமி பட்டன் பிரிவிலிருந்து திரும்பி வந்தாள். எதற்காகப் போனாள், எதற்காக வந்தாள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. இனி அவளுக்கு மெஷின் கிடையாது, மற்றவர்களின் பக்கத்தில் நின்று கற்றுக் கொடுக்கவேண்டும் என்றேன். அவள் முகம் செத்துப்போயிற்று. தண்டனை என்று நினைத்துவிட்டாள்.

முதல் மூன்று நாளும் தோல்விதான். புஷ்பத்திடம் போய் நிற்பாள். அவள் தடுமாறினால், "எந்திரிங்கக்கா" என்று சொல்லி அவள் இடத்தில் உட்கார்ந்து படபடவென்று தைத்துவிடுவாள். மறுபடியும் நிரைதான். பக்கத்து நிரையில் இறங்கி வேலையை முடித்துக் கொடுப்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. அடுத்தவள் திணறும்போது கையைக் கட்டிக்கொண்டு நிற்பது பாவம் மாதிரி இருந்தது அவளுக்கு. செவ்வாய்க்கிழமை நான் கடுமையாகச் சொல்லவேண்டியதாயிற்று.

"அவளோட வேலைய நீ செஞ்சா இன்னைக்கு மட்டும்தான் அவ தப்பிப்பா. நாளைக்கு நீ இல்லன்னா?"

"பாத்துக்கிட்டு நிக்க முடியலக்கா."

"நிக்கணும். மெஷின்ல கை வைக்காத. வாயால சொல்லு."

"வாயால வராதுக்கா எனக்கு."

புதன்கிழமை காலை புஷ்பம் மூன்று காலரைத் தொடர்ந்து கெடுத்துவிட்டு அழத் தொடங்கினாள். லெட்சுமியின் இரண்டு கைகளும் முதுகுக்குப் பின்னால் இருந்தன, நான் சொன்னபடி. செருப்பைக் கழற்றிவிட்டு, மெஷினுக்கு அடியில் புஷ்பத்தின் பாதத்தின் மேல் தன் பாதத்தை வைத்தாள்.

"எங்காலு அமுக்கறப்ப மட்டும் அமுக்குங்கக்கா. வளைவு வரும்போது பாதிதான். நிறுத்தக் கூடாது."

மெஷின் ஓடியது. வளைவு வந்தபோது சத்தம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. காலர் வெளியே வந்தது. புஷ்பம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

புஷ்பத்துக்குக் கையில் குறை இல்லை. காலில்தான் குறை. பெடலை முழுசாக அமுக்குவாள், பயந்து முழுசாக எடுத்துவிடுவாள். ஒவ்வொரு முறையும் மெஷின் குதித்து நிற்கும். இரண்டு மாதம் நான் அவளுடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இது உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்று லெட்சுமியிடம் கேட்டேன்.

"தெரியும்க்கா. மொத வாரத்துலயே தெரியும்."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலயேக்கா."

அவள் குத்திக்காட்டவில்லை. உள்ளதைச் சொன்னாள். பிறகு வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். கடைசி மெஷின் பெண் இடதுகைக்காரி, அவளுக்குத் துணித் தட்டை மாற்றி வைக்கவேண்டும். எட்டாவது மெஷினுக்கு வெளிச்சம் போதாது. சரோஜா அக்கா வேகமாகத் தைப்பார், பேச ஆரம்பித்தால் மட்டும் கோணும். எல்லாவற்றையும் நான்காவது மெஷினில் தலை குனிந்தபடியே பார்த்து வைத்திருக்கிறாள். நான் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டேன். நான் லீடராக எழுதிய முதல் உருப்படியான ரிப்போர்ட் அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது வாரம் சிரமமாகத்தான் போயிற்று. வியாழக்கிழமை வரை அளவுக்கு ஆறு கட்டு பின்னால் இருந்தோம். வெள்ளிக்கிழமை மதியம் யாரும் சொல்லாமலே சரோஜா பேச்சை நிறுத்தினாள். அது பெரிய விஷயம், அவளைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். ஐந்து மணி அடித்தபோது பதினொரு அட்டைகளும் என் மேசைக்கு வந்தன. பதினொன்றும் பதினொரு விதமாக இருந்தன. ஒன்றில் மிக அதிகம், ஒன்றில் அதிகம், புஷ்பத்தினுடையதில் குறைவு, ஆனால் முன்பு தானாகத் தைத்ததைவிட ஒன்றரை மடங்கு. மொத்தத்தில் அளவைத் தாண்டி இரண்டு கட்டு. அவ்வளவுதான்.

மேடம் அட்டைகளைப் புரட்டினார். புஷ்பத்தின் அட்டையில் கொஞ்சம் நின்றார். பிறகு மேசைக் கண்ணாடியைத் தூக்கி என் படிவத்தை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"இதை நீயே வைத்துக்கொள்," என்றார். பாராட்டவில்லை. என் லைனிலிருந்து அந்த வருடம் யாரும் போகவில்லை.

இதை வெற்றிக் கதையாக எழுத எனக்கு மனம் வரவில்லை. ஒன்றைச் சொல்லியாகவேண்டும். அவரவர் சீட்டு அவரவருக்கு என்று நான் சட்டம் போட்டபின் அந்தப் பெண்களுக்குள் ஏதோ ஒன்று குறைந்தது. முன்பு பஸ்ஸுக்கு ஒன்றாக எழுந்து போவார்கள். பிறகு முடித்தவள் முடித்த நேரத்தில் எழுந்தாள். ஒரு நாள் புஷ்பமே சொன்னாள், "இப்ப நல்லாத் தைக்கிறேன்க்கா, ஆனா பக்கத்துல யாரும் இல்லாத மாதிரி இருக்கு," என்று. அவர்களுடைய அம்மாமார்கள் காப்பாற்றி வந்த ஒரு வழக்கத்தை நான் இரண்டு வாரத்தில் உடைத்தேன். உடைக்காமல் செய்ய ஒரு வழி இருந்திருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் செய்யுங்கள்.

எனக்கு உறுதியாகத் தெரிந்தது இவ்வளவுதான். அட்டை பொய் சொல்லாது, ஆனால் கேட்டதற்கு மட்டும்தான் பதில் சொல்லும். எல்லா அட்டையும் ஒரே மாதிரி இருந்தால் நிம்மதிப்படாதீர்கள், மெஷினுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். திறமையை ஒருத்தி ஏன் மறைக்கிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் அதை வளர்க்க முடியாது. பெரும்பாலும் அவள் நமக்குப் பயந்துதான் மறைக்கிறாள். பயப்படாதே என்று சொன்னால் போதாது. தூணில் எழுதி ஒட்டவேண்டும், ஒட்டியதைக் காப்பாற்றவேண்டும். கற்றுக்கொடுக்கத் தெரிந்தவளை வெறும் கையாக மட்டும் வைத்திருக்காதீர்கள். எழுந்து போகிறவளைப் பற்றி நோட்டில் எழுதுவதற்கு முன் எங்கே போகிறாள் என்று கேளுங்கள். அவசரமாக இருக்கும் நாளில், குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆள் வந்த நாளில், யாருடைய பெயரையும் எதிலும் எழுதாதீர்கள்.

இப்போது கடைசி விஷயம். இதைத்தான் எழுதுவதா வேண்டாமா என்று இரண்டு வாரமாகத் தள்ளிப் போட்டேன்.

லெட்சுமி, புதிய லீடர்களில் நீயும் ஒருத்தி. திங்கட்கிழமை என் மேசையில் உட்காரப் போகிறவள் நீதான். எல்லாரோடும் சேர்ந்து நீயும் இதைப் படித்துக்கொண்டிருப்பாய். பட்டன் பிரிவுக்கு உன்னை ஏன் அனுப்பினார்கள் என்று அன்றைக்கும் நீ கேட்கவில்லை, இந்த நான்கு வருடத்திலும் கேட்கவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்கு டப்பாவோடு என் வீட்டுக்கு வருவாய், என் பையனைத் தூக்கிக் கொஞ்சுவாய். ஒவ்வொரு முறையும் சொல்லிவிட நினைப்பேன். உன் முகத்தைப் பார்த்ததும் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

அந்தப் படிவத்தை நான் கிழிக்கவில்லை. மேசையின் வலது இழுப்பறையில், நோட்டுகளுக்கு அடியில் இருக்கிறது. பெயர் என்ற இடத்தில் உன் பெயர், என் கையெழுத்தில். காரணம் என்ற இடத்தில் 'வேகம் போதாது.'

இந்த வருடமும் ஆர்டர் குறையலாம் என்று பேசிக்கொள்கிறார்கள். ஒரு பெயர் எழுதித் தா என்று உன்னிடமும் ஒரு நாள் கேட்பார்கள். பேனாவை எடுப்பதற்கு முன் அந்த இழுப்பறையைத் திற.